ட்ரக்கில் கைத்துப்பாக்கி: டெக்சாஸ் லைசென்ஸ் நியூ ஜெர்சி வரை செல்லுமா?

#1 டாலஸ்_புதுசு

எல்லாருக்கும் வணக்கம். இருப்பது டெக்சாஸ், கிரீன் கார்டு, கைத்துப்பாக்கி எடுத்துச்செல்ல டெக்சாஸ் தரும் லைசென்ஸ் (எல்.டி.சி.) கையில் இருக்கு. சி.டி.எல். (கனரக வண்டி ஓட்டும் லைசென்ஸ்) புதுசு. ஒரு கேரியரிடம் (ட்ரக் கம்பெனி) லீஸில் வண்டி எடுக்கப் பேச்சு நடக்குது. முதல் லோடு டாலஸிலிருந்து நியூ ஜெர்சி எலிசபெத் போகணும். ஐ-30, ஐ-40, ஐ-81, அப்புறம் ஐ-78. கேபினில் ஒரு 9 எம்.எம். வைத்துக்கொள்ளலாமா? பெட்டியில் பூட்டி வைத்தால் ஃபெடரல் சட்டப்படி எந்த மாநிலமும் கை வைக்க முடியாது என்று பலரும் சொல்கிறார்கள். எவ்வளவு நம்பலாம்?

#2 லோன்ஸ்டார்_செல்வம்

நம்பலாம் தம்பி. 1986-ல் வந்த சட்டம், சுருக்கமா ஃபோபா என்பார்கள். 18 யு.எஸ்.சி. 926ஏ பிரிவு. தோட்டாவை எடுத்துவிடு, துப்பாக்கியையும் தோட்டாவையும் பூட்டின பெட்டியில் வை, ஓட்டிக்கிட்டே போ. வழியில் எந்த மாநிலம் என்ன சட்டம் வைத்திருந்தாலும் கவலை இல்லை.

#3 தடம்81

செல்வம் அண்ணா சொன்னதில் பாதிதான் சரி. விட்டுப்போன பாதியில்தான் ஆட்கள் மாட்டுகிறார்கள்.

926ஏ முதலில் கேட்பது இரண்டு முனைகளை. துப்பாக்கியைச் சட்டப்படி வைத்திருக்கவும் எடுத்துச் செல்லவும் முடிகிற ஓர் இடத்திலிருந்து, அதேபோல் முடிகிற இன்னோர் இடத்துக்குப் போகிறவருக்குத்தான் பாதுகாப்பு. டாலஸ் முனையில் சிக்கல் இல்லை. எலிசபெத் முனையில்? நியூ ஜெர்சி வேறு எந்த மாநிலத்தின் பெர்மிட்டையும் ஏற்பதில்லை. உங்கள் லோடு இறங்குகிற இடமே அங்கேதான் இருக்கிறது. நீங்கள் நியூ ஜெர்சியைக் கடந்து போகவில்லை, நியூ ஜெர்சிக்கே போகிறீர்கள். பெட்டி எவ்வளவு கனமான எஃகு என்பது அதற்குப் பிறகு வருகிற கேள்வி.

காரில் போகிறவருக்கு எழுதிய சட்டம் இது. பென்சில்வேனியாவிலிருந்து மெய்னுக்கு வேட்டைக்குப் போகிறவர் நடுவில் நியூயார்க்கைத் தாண்டுவார், அவ்வளவுதான். ட்ரக்காரரின் பிழைப்பே நிற்கிற இடத்தில்தான்: லோடு ஏற்ற, இறக்க, பத்து மணி நேரம் படுக்க.

உங்கள் வழியையே எடுத்துக்கொள்ளலாம். ஆர்கன்சா, டென்னசி, மேற்கு வர்ஜீனியா மூன்றிலும் பெர்மிட் இல்லாமலே வைத்திருக்கலாம். வர்ஜீனியா வெளிமாநில பெர்மிட்டை ஏற்று வந்திருக்கிறது, கிளம்பும் முன் அந்த மாநில போலீஸ் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பிறகு ஹேகர்ஸ்டவுன் பக்கம் ஐ-81 மேரிலாண்டுக்குள் வெறும் 12 மைல் ஓடுகிறது. அந்த 12 மைலில் உங்கள் டெக்சாஸ் லைசென்ஸ் செல்லாது. கடைசி நிறுத்தம் பென்சில்வேனியா என்றால், தோட்டா நீக்கிப் பூட்டி வைத்து 926ஏ-வை நம்பி அதைக் கடக்கலாம். கடைசி நிறுத்தம் எலிசபெத் என்றால் அங்கேயே வாதம் ஆட்டம் காண்கிறது.

பென்சில்வேனியாவில் ஒரு சலுகை உண்டு. வேறு மாநிலம் கொடுத்த செல்லுபடியாகும் லைசென்ஸ் இருந்தால் வாகனத்துக்குள் கைத்துப்பாக்கி வைத்திருப்பதை அவர்கள் சட்டம் விலக்குக்குள் வைத்திருக்கிறது. வாகனத்துக்குள் மட்டும். ரைஃபிளோ ஷாட்கன்னோ தோட்டா போட்டு வாகனத்தில் வைக்க அங்கே அனுமதி இல்லை. "பெர்மிட் தொல்லை வேண்டாம், ஷாட்கன் வைத்துக்கொள்" என்று ட்ரக் ஸ்டாப்பில் யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

#4 லோன்ஸ்டார்_செல்வம்

டெலிவரி முடிந்து திரும்பி டெக்சாஸ்தானே வரப் போறார்? புறப்பட்ட இடமும் டெக்சாஸ், முடிகிற இடமும் டெக்சாஸ். நியூ ஜெர்சி நடுவில் ஒரு நிறுத்தம். அப்படி வாதாட முடியாதா?

#5 தடம்81

வாதாடலாம், ஜாமீனில் வெளியே வந்த பிறகு. தேர்ட் சர்க்யூட் என்ற ஃபெடரல் வட்டாரத்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2010-ல் ரெவெல் வழக்கில் சொன்னதைப் பாருங்கள். யூட்டாவிலிருந்து நியூஆர்க் வழியாக பென்சில்வேனியா போக வேண்டியவர். 2005-ல் இணைப்பு விமானம் தவறி, பையை வாங்கிக்கொண்டு ஓர் இரவு நியூஆர்க் ஹோட்டலில் தங்கினார். மறுநாள் விமான நிலையத்தில் துப்பாக்கி இருக்கிறது என்று அவரே சொன்னார். கைது. பூட்டிய பெட்டியில்தான் இருந்தது, இரண்டு முனைகளும் சட்டப்படி சரி. ஆனாலும் இரவு முழுக்கப் பை அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, அது 926ஏ-வின் வரம்புக்கு வெளியே என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. நியூ ஜெர்சி அந்த சர்க்யூட்டில்தான் வருகிறது.

இப்போது ஸ்லீப்பரில் (கேபினின் படுக்கைப் பகுதி) பத்து மணி நேரம் தூங்குகிற ஓட்டுநரை அந்த ஹோட்டல் அறையில் பொருத்திப் பாருங்கள். ஹோட்டல்காரராவது பையை லாபியில் கொடுத்து வைத்திருக்கலாம். உங்களுக்குப் பெட்டியும் படுக்கையும் ஒரே கேபினில்.

ஓட்டும் நேரத்தைப் பதிவு செய்கிற கருவி, ஈ.எல்.டி. இருக்கிறதே, அது இரண்டு பக்கமும் சாட்சி சொல்லும். நிற்காமல் கடந்தீர்கள் என்றால் உங்களுக்குச் சாதகம். நியூ ஜெர்சி டர்ன்பைக் ஓரத்தில் பத்து மணி நேரம் ஸ்லீப்பரில் என்று பதிவானால் அரசு வக்கீலுக்கு வேறு ஆதாரம் தேவையில்லை.

இன்னொன்று. செகண்ட் சர்க்யூட் 2010-ல் டொராக்கோ வழக்கில், 926ஏ-வை மீறிக் கைது செய்தார்கள் என்று போலீஸ் மேல் சிவில் உரிமை வழக்குப் போட முடியாது என்று தீர்ப்பளித்தது. நியூயார்க் அந்த எல்லைக்குள் வருகிறது. சட்டம் உங்கள் பக்கம் இருந்து தப்பாகப் பிடித்தாலும் வண்டி, லோடு, வேலை, வக்கீல் செலவு எல்லாம் உங்கள் தலையில்.

#6 நியூஆர்க்_கணக்கர்

நியூ ஜெர்சி தண்டனை அளவையும் தெரிந்துகொள்ளட்டும். பெர்மிட் இல்லாமல் கைத்துப்பாக்கி வைத்திருந்தால் அது இரண்டாம் நிலைக் குற்றம், 5 முதல் 10 ஆண்டு. கிரேவ்ஸ் சட்டப்படி முதல் 42 மாதம் பரோல் கிடையாது. 2013-ல் அட்லாண்டிக் கவுண்டியில் ஷனீன் ஆலன் என்ற ஃபிலடெல்ஃபியா பெண் பிடிபட்ட வழக்கு நாடு முழுக்கப் பேசப்பட்டது. பென்சில்வேனியா பெர்மிட் வைத்திருந்தார், போலீஸிடம் துப்பாக்கி இருப்பதைத் தானே சொன்னார். கடைசியில் 2015-ல் ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி மன்னிப்பு கொடுத்துத்தான் முடிந்தது. எல்லாருக்கும் ஆளுநர் கையெழுத்து கிடைக்காது.

கூடவே இரண்டு சின்ன கண்ணி. ஹாலோ பாயின்ட் (முனை குழிவான) தோட்டா அங்கே தனிக் குற்றம். வீடு, சுடுதளம் மாதிரி சில இடங்களுக்குத்தான் விலக்கு. மேகசின் 10 தோட்டாவுக்கு மேல் கொள்ளக் கூடாது. கிளாக் 17 உடன் வருகிற சாதாரண மேகசின் 17 கொள்ளும். 926ஏ பிரிவில் துப்பாக்கி, தோட்டா என்று இருக்கிறது, மேகசின் என்ற சொல்லே கிடையாது. அந்த இடைவெளியில் போய் நிற்காதீர்கள்.

"தொழிலிடத்தில் வைத்திருக்கலாம் என்று நியூ ஜெர்சி சட்டத்திலேயே இருக்கே, ட்ரக்தானே என் தொழிலிடம்" என்று அடுத்த கேள்வி வரும். அந்த விலக்கு உங்களுக்குச் சொந்தமான அல்லது உங்கள் வசமுள்ள கடை, வீடு, நிலம் பற்றியது. ஓடுகிற வண்டியை அதற்குள் நுழைக்கப் பார்ப்பது விஷப்பரீட்சை.

#7 டாலஸ்_புதுசு

அப்போ நியூயார்க் பக்கம் லோடு வந்தால்? தோட்டாவைத் தனியாக வைத்தால் போதுமா?

#8 நியூஆர்க்_கணக்கர்

நியூயார்க்கில் "தோட்டா நிரப்பிய துப்பாக்கி" என்பதற்கான வரையறையே வேறு. துப்பாக்கி காலியாக இருந்தாலும், அதில் போடக்கூடிய தோட்டாவும் அதே நேரத்தில் உங்கள் வசம் இருந்தால் அது நிரப்பியதாகவே கணக்கு. பீனல் லா 265.00, 15-வது உட்பிரிவு. துப்பாக்கி டிரைவர் சீட்டுக்குப் பின்னால், தோட்டா பங்க்குக்கு (படுக்கை) அடியில் என்று பிரித்து வைத்தால் 926ஏ வாதத்துக்கு உதவும். அந்த வாதம் விழுந்துவிட்டால் மாநிலச் சட்டத்துக்கு முன்னால் பிரித்து வைத்ததற்கு மதிப்பே இல்லை. மாசசூசெட்ஸில் லைசென்ஸ் இல்லாமல் வீட்டுக்கும் தொழிலிடத்துக்கும் வெளியே வைத்திருந்தால் குறைந்தபட்சம் 18 மாதம்.

இலினாய் மட்டும் கொஞ்சம் நடைமுறை அறிவோடு எழுதியிருக்கிறார்கள். சொந்த மாநிலத்தில் எடுத்துச்செல்லத் தகுதியுள்ள வெளிமாநிலத்தவர் வாகனத்துக்குள் வைத்திருக்கலாம். அதோடு கீழே இறங்கக் கூடாது. இறங்கினால் வண்டியைப் பூட்டி, துப்பாக்கியை உள்ளே மறைவாகப் பூட்டி வைத்துவிட்டு இறங்கணும்.

#9 போல்ட்_நட்டு

சட்டம் பேசினது போதும், பெட்டி விஷயத்துக்கு வருவோம். நிறைய பேர் தப்பு செய்வது இங்கேதான்.

926ஏ வாசகம்: ஓட்டுநர் இருக்கும் பகுதியிலிருந்து துப்பாக்கியும் தோட்டாவும் கைக்கெட்டக் கூடாது. தனிப் பகுதி இல்லாத வாகனம் என்றால் பூட்டிய பெட்டியில் இருக்கணும், க்ளவ் பாக்ஸும் கன்சோலும் பெட்டி ஆகாது. ஸ்லீப்பர் கேப் முழுக்க ஒரே பகுதிதான். நடுவில் திரைச்சீலை போட்டால் அது தனி அறை ஆகிவிடாது.

"வெளியே சைடு பாக்ஸ் இருக்கே, அதில் போட்டால் தனிப் பகுதிதானே" என்பார்கள். பெரும்பாலான ஸ்லீப்பர்களில் அந்த சைடு பாக்ஸுக்கு வெளிக்கதவும் உண்டு, உள்ளே கீழ் பங்க்கைத் தூக்கினால் அதே குழிக்குக் கையும் போகும். பங்க்கைத் தூக்கிப் பாருங்கள். உள்ளிருந்து எட்டினால் அது தனிப் பகுதி இல்லை. கேபினுக்குப் பின்னால் வெளியே மாட்டுகிற ஹெட்டேக் ரேக் பெட்டி உண்மையிலேயே தனி. ஆனால் மழைத்தண்ணி, குளிர்காலச் சாலை உப்பு இரண்டும் உள்ளே போகும். அதைவிட மோசம், நீங்கள் குளிக்கப் போன நேரத்தில் போல்ட் கட்டரோடு வருகிறவனுக்கு அது முதல் குறி. திருடு போன துப்பாக்கி உங்கள் பெயரில் எங்கேயோ சுற்றும்.

ஆகவே கேபினுக்குள்ளேயே, தனக்கென்று பூட்டுள்ள எஃகுப் பெட்டி. ஜிப் வைத்த துணிப்பையில் குட்டிப் பூட்டு மாட்டுவது வேண்டாம். பெட்டியின் கேபிளைப் பயணி சீட்டின் அடித்தண்டைச் சுற்றிப் போடுங்கள். பங்க் பலகையில் மாட்டினால் நாலு ஸ்க்ரூ கழற்றினால் பலகையோடு வந்துவிடும். தரையில் துளை போட்டு போல்ட் அடிக்க நினைக்காதீர்கள். கீழே வயரிங்கும் ஏர் லைனும் ஓடும், லீஸ் வண்டி என்றால் திருப்பிக் கொடுக்கும்போது அதற்கும் பில் வரும்.

மேகசினை முதலில் கழற்றணும், பிறகுதான் ஸ்லைடை இழுத்துச் சேம்பரில் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம்) கிடக்கும் தோட்டாவை வெளியேற்றணும். வரிசை மாறினால், ஸ்லைடு முன்னால் போகும்போது மேகசினிலிருந்து அடுத்த தோட்டா சேம்பருக்குள் ஏறிவிடும். வெளியே விழுந்த ஒன்றைப் பார்த்துக் காலி என்று நம்புவது இப்படித்தான். ஸ்லைடைப் பின்னால் பூட்டி, கண்ணால் பார்த்து, சுண்டு விரலை உள்ளே விட்டுத் தடவிப் பாருங்கள். மேகசினிலிருந்தும் தோட்டாவை இறக்கி அட்டைப்பெட்டியில் போடுங்கள். தோட்டாவுக்கு வேறு பூட்டுப் பெட்டி. இதையெல்லாம் சொந்த யார்டில், புறப்படும் முன்பே செய்யுங்கள். மாநில எல்லைக்கு முந்தின ட்ரக் ஸ்டாப்பில் ஸ்லைடை இழுத்துக்கொண்டு உட்கார்ந்தால், பக்கத்து வண்டிக்காரர் 911 அடிப்பார்.

பெட்டிச் சாவி இக்னிஷன் சாவி வளையத்தில் தொங்கக் கூடாது. சர்வீஸுக்கு வண்டி விடும்போது மெக்கானிக் கைக்குப் போவது அந்த வளையம்தான்.

#10 தடம்81

👍 சைடு பாக்ஸ் விஷயம் பலருக்குத் தெரியாது.

#11 டிஸ்பேட்ச்_மேசை

இவ்வளவு பேசியும் யாரும் முதல் கேள்வியைக் கேட்கவில்லை. லீஸ் யாருடையது? கேரியரின் அதாரிட்டியில் (சரக்கு ஓட்ட அரசு தரும் அனுமதி) ஓடப் போகிறீர்களா?

ட்ரக் ஓட்டுநர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்று ஃபெடரல் ட்ரக் பாதுகாப்புத் துறையான எஃப்.எம்.சி.எஸ்.ஏ. விதிகளில் எதுவும் இல்லை. இருக்கிறது என்று சொல்வது வதந்தி. தடை வருவது கேரியரின் டிரைவர் கையேட்டிலிருந்து. பெரிய கேரியர்கள் பொதுவாக அனுமதிப்பதில்லை, லீஸில் ஓடுகிறவர்களும் அதே கையேட்டுக்குக் கட்டுப்பட்டவர்களே. கண்டுபிடித்தால் போலீஸ் வேண்டாம், டிஸ்பேட்ச் ஒரு போன் போட்டால் போதும், காலி டிரெய்லரை யார்டில் விட்டுவிட்டுப் பஸ்ஸில் வீட்டுக்குப் போகலாம். அது டி.ஏ.சி. ரிப்போர்ட்டில் (ஓட்டுநரின் வேலை வரலாறு) ஏறினால் அடுத்த கேரியரும் பார்ப்பார்.

டெக்சாஸ் லேபர் கோட் ஊழியர் தன் வாகனத்தில் துப்பாக்கி பூட்டி வைப்பதைப் பாதுகாக்கிறது என்று சிலர் இழுப்பார்கள். அது பார்க்கிங்கில் நிற்கிற உங்கள் பிக்கப்புக்கு. முதலாளிக்குச் சொந்தமான, அவர் லீஸுக்கு எடுத்த வாகனத்துக்கு விலக்கு அதே சட்டத்தில் எழுதியிருக்கிறது. ட்ராக்டர் உங்கள் பெயரில், அதாரிட்டியும் உங்கள் பெயரில் என்றால்தான் கையேட்டை நீங்கள் எழுதலாம். அப்போதும் இன்சூரன்ஸ் பாலிசியை ஒருமுறை படியுங்கள்.

அடுத்தது லோடு போய்ச் சேருகிற வாசல். ராணுவத் தளம் என்றால் கேட்டில் கேபின் சோதனை உண்டு, தனியார் துப்பாக்கிக்கு வேலையே இல்லை. தபால் லோடு என்றால், போஸ்டல் சொத்தில் தடை கட்டடத்துக்கு மட்டுமில்லை, லோடிங் டாக், பார்க்கிங் எல்லாம் சேர்த்துத்தான். துறைமுக டெர்மினல்களும் உள்ளே விடாது. கேட் வாசலில் நின்று "இதை எங்கே வைப்பது" என்று யோசிக்கிற நிலை வந்தால் லோடும் லேட், ஆளும் சிக்கலில்.

#12 ஸ்கார்பரோ_அண்ணை

கனடாப் பக்கம் லோடு கொண்டு வாற ஆக்களுக்கும் ஒரு வார்த்தை. அம்பாசடர் பிரிட்ஜ், பீஸ் பிரிட்ஜ் எதாலயும் கைத்துப்பாக்கியோட வாறது எண்டு நினைக்கவே வேண்டாம். தற்காப்புக்கு எண்டு வண்டியில கொண்டு திரியிறதுக்கு கனடாவில இடமே இல்லை. சொல்லாமல் ஒளிச்சுக் கொண்டு வந்து பிடிபட்டால் துவக்கு போகும், வாகனத்தையும் பறிக்கலாம், வழக்கும் வரும். மனுசருக்கு அடிக்கிற பெப்பர் ஸ்ப்ரே கூட இஞ்ச தடைசெய்யப்பட்ட ஆயுதம். பூட்டின பெட்டி, 926ஏ எல்லாம் பாலத்தோட முடிஞ்சுது.

டிட்ராயிட்டில ஐ-75-ல லேன் மாறி பாலத்துக்கு ஏறிட்டால் திரும்ப வழி இல்லை, நேர கனடா கஸ்டம்ஸ்தான். அப்பிடி வந்திட்டால் கேக்க முதலே உண்மையைச் சொல்லுங்கோ. இஞ்சயிருந்து போற எங்கட ஆக்களும் கவனம்: அமெரிக்காவுக்குள்ள தற்காலிகமா துவக்கு கொண்டு போக ஏ.டி.எஃப். எண்ட ஃபெடரல் துவக்குத் துறையின்ர அனுமதி முன்கூட்டியே எடுக்கோணும்.

#13 தடம்81

அண்ணை சொன்னதுக்கு ஜோடி தெற்கே எல் பாசோ. அங்கே ஐ-110 நேராக மெக்சிகோ பாலத்தில் கொண்டுபோய் விடும். 2012 ஏப்ரலில் டாலஸைச் சேர்ந்த ஒரு ட்ரக் ஓட்டுநர் வழி தவறி ஹுவாரெஸ் போனார் என்பது அவர் தரப்பு. டிரெய்லரில் சட்டப்படி ஏற்றிய 2,68,000 தோட்டா. சொந்தத் துப்பாக்கி கூட இல்லை, வெறும் சரக்கு. பல மாதம் மெக்சிகோ சிறையில் இருந்துவிட்டு அந்த ஆண்டு நவம்பரில்தான் வெளியே வந்தார்.

#14 விசா_விவரம்

டாலஸ்_புதுசு கிரீன் கார்டு என்பதால் பிழைத்தார். படிக்கிற மற்றவர்களுக்காக: எச்-1பி, எல்-1, எஃப்-1, எச்-4 மாதிரி நான்-இமிக்ரன்ட் விசாவில் உள்ளே வந்தவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே ஃபெடரல் குற்றம், 922(ஜி)(5). செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விலக்குதான் உண்டு. ஈ.ஏ.டி. (வேலை அனுமதி) கார்டும் சி.டி.எல்.லும் இருப்பதால் இந்தத் தடை நீங்காது. 2022 திருத்தத்துக்குப் பிறகு அதிகபட்சம் 15 ஆண்டு. டீம் டிரைவிங்கில் இது இன்னும் கூர்மை: கூட ஓட்டுகிறவருடைய துப்பாக்கி அதே கேபினில், சாவி தொங்குகிற இடம் உங்களுக்கும் தெரியும் என்றால், உங்கள் வசமும் இருந்தது என்று அரசுத் தரப்பு கேட்கும்.

கஞ்சா விஷயமும் அப்படித்தான். மாநிலம் மருத்துவ அட்டை கொடுத்திருக்கலாம், ஃபெடரல் கண்ணில் பயன்படுத்துபவர் துப்பாக்கி வைத்திருக்கத் தடை. சி.டி.எல். காரருக்கு அது ஏற்கெனவே வேலையைத் தின்னும்.

#15 லோன்ஸ்டார்_செல்வம்

சரி, ஒப்புக்கொள்கிறேன், வடகிழக்கு வேண்டாம். தெற்கிலும் நடுவிலும் ஓடுகிறவருக்கு என்ன பிரச்சனை? 29 மாநிலத்தில் பெர்மிட்டே தேவையில்லையே.

#16 தடம்81

பெர்மிட் தேவையில்லாத மாநிலத்திலும் பெர்மிட்டுக்கு வேலை இருக்கிறது. பள்ளி வளாகத்திலிருந்து 1000 அடிக்குள் துப்பாக்கி கூடாது என்பது ஃபெடரல் சட்டம், 922(க்யூ). தோட்டா நீக்கிப் பூட்டி வைத்திருந்தால் விலக்கு. அல்லது பள்ளி இருக்கிற அந்த மாநிலமே கொடுத்த லைசென்ஸ் வேண்டும். அந்த மாநிலம் உங்கள் டெக்சாஸ் லைசென்ஸை மதிக்கிறது என்பது போதாது, அவர்களே கொடுத்திருக்கணும் என்பது ஏ.டி.எஃப். நிலைப்பாடு. இன்டர்ஸ்டேட்டை விட்டு இறங்கி டெலிவரிக்கு ஊருக்குள் போகிற கடைசி இரண்டு மைலில் எத்தனை பள்ளி தாண்டுகிறீர்கள் என்று எண்ணினால் தெரியும்.

போலீஸ் நிறுத்தினால் சொல்லணுமா என்பதும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. மிச்சிகன், வட கரோலினாவில் பெர்மிட்காரர் கேட்காமலே சொல்லணும். ஒஹையோ 2022-ல் மாற்றிக்கொண்டது, கேட்டால் சொன்னால் போதும். டெக்சாஸில் கைத்துப்பாக்கி உடன் இருக்கும்போது அடையாள அட்டை கேட்டால் எல்.டி.சி.யும் சேர்த்துக் காட்டணும்.

ட்ரக்கை நிறுத்த கார் மாதிரி காரணம் தேவைப்படாது என்பதையும் மறக்காதீர்கள். லெவல் 1 என்ற முழுச் சோதனையில் ஸ்லீப்பரையும் பார்ப்பார்கள். கை இரண்டும் ஸ்டீயரிங் மேல், உள் விளக்கு எரியணும், "பயணி சீட்டுக்குப் பின்னால் பூட்டிய பெட்டியில், தோட்டா இல்லை" என்று ஒரே வாக்கியம். "கன்" என்ற சொல்லை முதல் சொல்லாக ஆரம்பிக்காதீர்கள், பெட்டியை எடுத்துக் காட்டுகிறேன் என்று திரும்பவும் திரும்பாதீர்கள்.

#17 டிஸ்பேட்ச்_மேசை

ஏன் கேட்கிறார்கள் என்பது புரிகிறது. 2009 மார்ச்சில் ஜேசன் ரிவன்பர்க் தென் கரோலினாவில், ரிசீவர் சீக்கிரம் உள்ளே விடாததால் கைவிடப்பட்ட பெட்ரோல் பங்க்கில் நிறுத்தித் தூங்கும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். திருட்டுப் போனது 7 டாலர். 2012-ல் அவர் பெயரில் வந்த ஜேசன்ஸ் லா பார்க்கிங் இடங்களுக்குப் பணம் ஒதுக்கத்தான் வழி செய்தது, துப்பாக்கிக்கு அல்ல. தூக்கத்தில் கதவு உடையும்போது இரண்டு பெட்டியையும் திறந்து மேகசின் நிரப்ப யாருக்கும் நேரம் இருக்காது. வடகிழக்கில் சட்டப்படி வைத்தால் உதவாது, உதவுகிற மாதிரி வைத்தால் ஜெயில்.

லோடு எடுக்கும் முன்பே பார்க்கிங்கை ரிசர்வ் செய்து அந்தச் செலவை ரேட்டில் சேருங்கள். ரிசீவரிடம் முந்தின இரவு உள்ளே நிறுத்தலாமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். டிரெய்லர் கதவைச் சுவரை ஒட்டி நிறுத்துங்கள். தூங்கும்போது இரண்டு சீட் பெல்ட்டையும் கதவின் உள் கைப்பிடி வழியாக விட்டு மாட்டிவிட்டால், பூட்டைத் திறந்தாலும் கதவு வராது. பெப்பர் ஸ்ப்ரேயிலும் அளவு பாருங்கள்: நியூ ஜெர்சியில் முக்கால் அவுன்ஸுக்கு மேல் கூடாது, கலிஃபோர்னியாவில் 2.5 அவுன்ஸ்.

#18 டாலஸ்_புதுசு

புரிந்தது. எலிசபெத் லோடுக்கு வீட்டிலேயே விட்டுவிடுகிறேன், கையேட்டையும் கேட்டு வாங்குகிறேன். ஒரே கேள்வி பாக்கி: வடகிழக்கே அடிக்கடி வந்தால் நியூ ஜெர்சி பெர்மிட்டுக்கு வெளிமாநிலத்தவர் விண்ணப்பிக்க முடியுமா?

#19 நியூஆர்க்_கணக்கர்

முடியும். 2022 ஜூனில் உச்ச நீதிமன்றத்தின் ப்ரூயன் தீர்ப்பு வந்த பிறகு "ஏன் வேண்டும்" என்று காரணம் நிரூபிக்கத் தேவையில்லை. வெளிமாநிலத்தவர் விண்ணப்பம் ஸ்டேட் போலீஸுக்குப் போகும். 200 டாலர் கட்டணம், உறவினர் அல்லாத நான்கு பேர் சான்று, கைரேகை, சுடும் பயிற்சித் தேர்ச்சி. கிடைத்தாலும் அது நியூ ஜெர்சிக்கு மட்டும். ஜார்ஜ் வாஷிங்டன் பிரிட்ஜ் தாண்டினால் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பம். பத்துக்கு மேல் கொள்ளும் மேகசினுக்கும் அது அனுமதி இல்லை, விண்ணப்பம் போடும் முன்பே 10 தோட்டா மேகசின் வாங்கி வைத்துவிடுங்கள்.